சாசேஜ் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் யார் புதிதாக சாசேஜ் வாங்கினாலும் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் வரும். ஆள்தான் மாறுவார்கள், கேள்வி பெரும்பாலும் அதேதான். பல வருடமாகச் சொல்லிவந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

சாசேஜ்ல உள்ளே இருக்கறது எல்லாமே கறிதானா?

கொத்திய கறி, கொழுப்பு, உப்பு, மசாலா. அடிப்படை இந்த நான்குதான். கோழி, பன்றி, மாடு, ஆடு என்று கறி மாறும், மசாலா மாறும். சில வகைகளில் ரொட்டித்தூள், ஸ்டார்ச், சோயா புரதம், தண்ணீர் எல்லாம் சேர்ப்பார்கள். பாக்கெட்டின் பின்னால் இருக்கும் பொருட்கள் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் எடை அதிகமானதைத்தான் முதலில் எழுத வேண்டும். முதல் பெயர் கறியாக இருந்தால் வாங்கலாம். தண்ணீரும் ஸ்டார்ச்சும் முன்வரிசையில் நின்றால் வறுக்கும்போது சுருங்கி, ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

பாக்கெட்டைப் பிரிச்சு அப்படியே சாப்பிடலாமா, சமைக்கணுமா?

இந்தப் பக்கத்தில் இருக்கும் மிக முக்கியமான கேள்வி இது. சாசேஜ் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பொருட்கள் விற்கிறார்கள். முதலாவது பச்சை சாசேஜ்: பச்சைக் கறியை மசாலா சேர்த்துக் குடலிலோ வேறு உறையிலோ அடைத்தது, அவ்வளவுதான். ஜெர்மனியின் பிராட்வுர்ஸ்ட்டில் பலவும் இந்த வகை. இதை முழுதாக வேகவைத்தே ஆக வேண்டும். இரண்டாவது ஏற்கெனவே வேகவைத்தது அல்லது புகையூட்டி வேகவைத்தது. ஹாட் டாக், ஃபிராங்ஃபர்ட்டர் எல்லாம் இதில் வரும். சூடாக்கி, நிறம் வரவழைத்தால் போதும். மூன்றாவது உப்பிட்டு, புளிக்கவைத்து, வாரக்கணக்கில் காயவைத்தது. சலாமி இந்த வகை. மெல்லியதாகச் சீவி அப்படியே சாப்பிடுவார்கள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். சொரிஸோ என்று ஸ்பெயினில் விற்பது பெரும்பாலும் காயவைத்தது. அதே பெயரில் மெக்ஸிகோவில் கிடைப்பது பச்சைக் கறி. பாக்கெட்டில் ‘சமைத்தது’, ‘சமைத்து உண்ணவும்’, ‘உண்ணத் தயார்’ என்று ஏதாவது ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

லேபிளைத் தூக்கிப் போட்டுட்டேன். பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். அழுத்தினால் மாவு போல அமுங்கி, வெட்டினால் உள்ளே கொழகொழவென்று இருந்தால் பச்சை. கெட்டியாக, வெட்டின இடம் வழுவழுவென்று இருந்தால் வெந்தது. சந்தேகம் துளி இருந்தாலும் பச்சை என்றே வைத்துக்கொண்டு முழுதாக வேகவையுங்கள்.

தோலை உரிக்கணுமா?

ஆட்டுக்குடல், பன்றிக்குடல், கொலாஜன் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் புரதம்) ஆகியவற்றில் செய்த தோலை உரிக்க வேண்டாம், சாப்பிடலாம். செல்லுலோஸ் என்ற தாவர நாரில் செய்த உறையும் பிளாஸ்டிக் உறையும் சாப்பிடுவதற்கு அல்ல. பெரிய, தடித்த சாசேஜ்களில் இப்படி உறை இருக்கும். நகத்தால் கீறினால் தாள் போலத் தனியாகக் கழன்று வரும். அதை உரித்துவிடுங்கள்.

வெளியே கருகிடுது, வெட்டிப் பார்த்தா உள்ளே பச்சையா இருக்கு. எங்கே தப்பு பண்றேன்?

தீ அதிகம், வேறொன்றுமில்லை. சாசேஜ் உருண்டையானது. வாணலியைத் தொடும் கோடு மட்டும் சூடாகி, நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். நானும் ஆரம்பத்தில் பெரிய தீயில் வறுத்து, விருந்தாளிகள் தட்டில் வெட்டும்போது உள்ளே பச்சையாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வாணலியில் போட்டேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட முறை இது. பச்சை சாசேஜுக்கு இதைவிட நம்பகமான முறை எனக்குத் தெரியாது.

அகலமான வாணலியில் சாசேஜ்களை ஒன்றையொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். கால் டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சாசேஜ் பாதி கூட மூழ்கக் கூடாது. மூடி போட்டு மிதமான தீயில் 8 நிமிடம் வையுங்கள், நடுவில் ஒருமுறை திருப்புங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் தளதளவென்று கொதிக்கும் சத்தம். தண்ணீர் குறையக் குறைய அது மெலிந்து, ஒரு கட்டத்தில் சடசடவென்று மாறும். சத்தம் மாறிய அந்த நொடியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இனி வாணலியில் இருப்பது சாசேஜிலிருந்தே இறங்கிய கொழுப்பு. உடனே தீயைக் குறைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டி உருட்டி, 5 அல்லது 6 நிமிடத்தில் சுற்றிலும் பொன்னிறமாக்குங்கள். இறக்கி 3 நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் சாறு தட்டில் ஓடாது.

தண்ணீர் இருக்கும்வரை வாணலியில் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, அதனால் கருகாமல் உள்ளே வேகும். கறி நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும், அது தண்ணீர் வற்றிய பிறகு கிடைக்கும். தண்ணீரில் மட்டும் வேகவைத்த சாசேஜ் வெளுத்துப்போய் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

வேகும்போது வெடிக்காம இருக்க முள்கரண்டியால குத்தி விடலாமா?

வேண்டாம். குத்திய ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் கொழுப்பும் சாறும் வெளியேறிவிடும், மிச்சம் வறட்டுக் கறி. தோல் வெடிப்பதற்குக் காரணம் வேகமான சூடு. சூட்டில் தோல் சுருங்குகிறது, உள்ளே நீராவி விரிகிறது, இரண்டுக்கும் நடுவில் தோல் கிழிகிறது. முந்தைய பதிலில் சொன்னபடி மெதுவாகச் சூடேற்றினால் பெரும்பாலும் வெடிக்காது. ஒரு விதிவிலக்கு உண்டு, மைக்ரோவேவ் கேள்வியில் சொல்கிறேன்.

வெந்துடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ரொம்ப நேரம் வேகவெச்சும் உள்ளே ரோஸ் கலர்லயே இருக்கே?

நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. பல சாசேஜ்களில் சோடியம் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது கறியின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான மயோகுளோபினோடு சேர்ந்து, எவ்வளவு வேகவைத்தாலும் போகாத இளஞ்சிவப்பைத் தரும். ஹாட் டாக் ரோஸாக இருப்பது அதனால்தான். நைட்ரைட் இல்லாத பச்சை சாசேஜோ, சில சமயம் வேகும் முன்பே பழுப்பாகிவிடும். இரண்டு பக்கமும் நிறம் ஏமாற்றும்.

சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாசேஜின் பக்கவாட்டில் குத்தாமல், நுனியிலிருந்து நீளவாக்கில் நடுப்பகுதி வரை செருகுங்கள். பன்றி, மாடு, ஆடு என்றால் 71 டிகிரி செல்சியஸ், கோழி, வான்கோழி என்றால் 74 டிகிரி வர வேண்டும். கொத்தாத கறித்துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே எல்லா இடமும் கலந்துவிடுகிறது. அதனால்தான் நடுப்பகுதிச் சூட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஃப்ரீசர்ல இருந்து கல்லு மாதிரி எடுத்தேன். நேரா வாணலியில போடலாமா?

வெந்த வகையை வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக்கொள்ளலாம். பச்சை வகை என்றால் முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், பையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இளகியதும் உடனே சமையுங்கள். சமையல் மேடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கிடக்க விடாதீர்கள். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் கறி வெளியே இருக்கக் கூடாது.

பதினஞ்சு நிமிஷத்துல ஏதாவது பண்ணணும். சமையல் பெருசா தெரியாது. எதுல ஆரம்பிக்கலாம்?

வெந்த சாசேஜும் முட்டையும். இரண்டு சாசேஜைச் சாய்வாக, விரல் தடிமனில் வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் சிவக்கும் பரப்பு அதிகம். ஒரு ஸ்பூன் எண்ணெயில் போட்டுக் கிளறாமல் 2 நிமிடம் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிப் போட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சேர்த்து வதக்குங்கள். மூன்று முட்டையை உப்பில்லாமல் அடித்து ஊற்றி, தீயைக் குறைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருங்கள். மிளகுத்தூள் தூவி இறக்கி, ருசி பார்த்த பிறகு உப்பு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் வேண்டியிருக்காது.

இதே தொடக்கத்தை வைத்து ஃப்ரைடு ரைஸும் செய்யலாம். சாசேஜ் சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு, இறங்கிய கொழுப்பிலேயே பூண்டு, கேரட், பீன்ஸைப் பெரிய தீயில் வதக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த சோற்றை உதிர்த்துப் போட்டுப் புரட்டுங்கள். கடைசியில் சாசேஜைச் சேருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு சாசேஜ் தாராளம். சாசேஜைக் கறி மாதிரி நினைக்காமல் மசாலா மாதிரி நினையுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். உப்பு, கொழுப்பு, வாசனை மூன்றும் அதிலேயே இருக்கிறது. ஒரு வாணலிச் சோற்றுக்கு ருசி கொடுக்க இரண்டே போதும்.

பாஸ்தாவுக்கு எந்த சாசேஜ் நல்லது?

பச்சை சாசேஜ். தோலைக் கீறி உள்ளே இருப்பதைப் பிதுக்கி எடுத்தால் மசாலா சேர்த்த கொத்துக்கறி தயாராகக் கையில் இருக்கிறது. 250 கிராம் எடுத்து, நெல்லிக்காய் அளவில் பிய்த்து வாணலியில் போட்டு 3 நிமிடம் தொடாமல் விடுங்கள். அடி பழுப்பானதும் கரண்டியால் உடைத்து, வெங்காயம், பூண்டு வதக்கி, 400 கிராம் தக்காளியை மசித்து ஊற்றுங்கள். அடியில் ஒட்டிய பழுப்பையெல்லாம் சுரண்டிவிட்டு 15 முதல் 20 நிமிடம் சிம்மில் வையுங்கள்.

அதற்குள் 250 கிராம் பாஸ்தாவை வேகவையுங்கள். வடிக்கும் முன் அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டு, பாஸ்தாவைத் தக்காளியில் புரட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அதில் இருக்கும் மாவுச்சத்துதான் தக்காளியையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்துப் பாஸ்தாவின் மேல் ஒட்டவைக்கும். பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்பை வழக்கத்தைவிடக் குறைத்துப் போடுங்கள்.

எல்லாத்தையும் ஒரே ட்ரேயில போட்டு ஓவன்ல வெக்கறேன். உருளைக்கிழங்கு மட்டும் வேகவே மாட்டேங்குது.

கிழங்கை முன்னால் அனுப்புங்கள். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி எண்ணெய் தடவி, 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்துவிட்டு, அப்புறம் பச்சை சாசேஜ், வெங்காயம், குடைமிளகாய் சேர்த்து இன்னும் 20 அல்லது 25 நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்புங்கள். ட்ரேயில் இடம்விட்டுப் பரப்புங்கள். நெருக்கினால் வறுபடாமல் ஆவியில் வெந்துவிடும்.

குளிருக்கு இதமா, கொஞ்சம் குழம்பா ஏதாவது?

பீன்ஸ் விதையும் சாசேஜும் ஒன்றுக்கொன்று பிறந்தவை. பிரான்ஸின் கசூலே இந்தச் சேர்க்கையில் நிற்கும் உணவுதான், அதைச் செய்ய ஒரு நாளே போய்விடும். வீட்டுக்கு எளிதான வழி: சாசேஜை வறுத்து எடுத்து வையுங்கள். அதே பாத்திரத்தில் வெங்காயம், கேரட், பூண்டு, தக்காளி வதக்கி, வேகவைத்த பீன்ஸையும் வெந்த தண்ணீரையும் ஊற்றி 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெந்த வகை சாசேஜ் என்றால் கடைசி 10 நிமிடத்துக்கு, பச்சை வகை என்றால் ஆரம்பத்திலேயே சேருங்கள். கொஞ்சம் பீன்ஸைக் கரண்டியால் மசித்துவிட்டால் தானாகவே கெட்டியாகும். சிவப்புக் காராமணி போலத் தெரியும் ராஜ்மா பயன்படுத்தினால், இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, பிறகு மெத்தென்று வேகவைத்துச் சேருங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

என்ன செஞ்சாலும் உப்பு தூக்கலாவே இருக்கு.

100 கிராம் சாசேஜில் ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருப்பது சாதாரணம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே சாசேஜ் போகும் எந்தப் பாத்திரத்திலும் உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகே சேருங்கள். சோயா சாஸும் சீஸும் போட்டால் உப்பை மறந்தேவிடலாம். ஏற்கெனவே கூடிவிட்டதென்றால் சோறு, உருளைக்கிழங்கு, தக்காளி என்று அளவைக் கூட்டுங்கள். எலுமிச்சைச் சாறு நாக்குக்குச் சற்றுத் தணிக்கும், உப்பை எடுத்துவிடாது.

மைக்ரோவேவ்ல வெச்சா டம்முனு வெடிக்குது. ஏர் ஃப்ரையர் பரவாயில்லையா?

மைக்ரோவேவில் உள்ளிருக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகிவிடும், தோலுக்கு இளக நேரம் கிடைக்காது. இங்கே மட்டும் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் கீறிவிடுங்கள். வெந்த சாசேஜைச் சூடாக்க மட்டும் மைக்ரோவேவைப் பயன்படுத்துங்கள். பச்சை வகையில் ஒரு இடம் வெந்து ஒரு இடம் வேகாமல் நிற்கும்.

ஏர் ஃப்ரையர் பச்சைக்கும் நல்லது. 180 டிகிரியில் 10 முதல் 14 நிமிடம், பாதியில் திருப்பி, தெர்மாமீட்டரால் சரிபாருங்கள்.

ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாள் தாங்கும்?

பச்சை சாசேஜ் 1 அல்லது 2 நாள். பிரித்த ஹாட் டாக் பாக்கெட் ஒரு வாரம், பிரிக்காதது இரண்டு வாரம், அதுவும் பாக்கெட்டில் போட்ட தேதிக்கு உட்பட்டு. ஃப்ரீசரில் எதுவானாலும் 1 முதல் 2 மாதத்துக்குள் சாப்பிட்டால் ருசி கெடாது. சமைத்தது மிஞ்சினால் 3 அல்லது 4 நாள். வழவழப்பு, புளித்த வாடை, பாக்கெட் ஊதியிருப்பது, இதில் எது தெரிந்தாலும் ருசி பார்க்காமல் குப்பையில் போடுங்கள்.

குழந்தைக்கு வட்ட வட்டமா நறுக்கிக் கொடுக்கலாமா?

தயவுசெய்து வட்டமாக நறுக்காதீர்கள். சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அச்சாக அடைக்கும் வடிவமும் அளவும் அந்த வட்டத்துக்கு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2010-ல் உணவு அடைப்பு பற்றி எச்சரித்தபோது ஹாட் டாக்கைத்தான் முன்னால் வைத்தது. நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக நறுக்குங்கள். தோலையும் எடுத்துவிடுங்கள். உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள்.

மாசமா இருக்கேன். ஹாட் டாக் ஏற்கெனவே வெந்ததுதானே, அப்படியே சாப்பிடலாம்ல?

வேண்டாம்மா. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். தொழிற்சாலையில் வேகவைத்த பிறகு பாக்கெட் செய்யும்போதும் அது ஒட்டிக்கொள்ளலாம். கருவுக்கு அது பெரிய ஆபத்து. 74 டிகிரி வரும்வரை, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். சலாமி மாதிரி காயவைத்த வகையைச் சூடாக்காமல் தொடாதீர்கள். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதே பதில்தான்.

சாசேஜ் சாப்பிட்டா கேன்சர் வரும்ங்கறாங்களே, உண்மையா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில், சாசேஜும் அடங்கும் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் சம அளவு ஆபத்து என்று சிலர் நினைக்கிறார்கள். ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கொடுத்த கணக்கு. 50 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு ஹாட் டாக்.

தினசரி உணவாக வைத்துக்கொள்ளாதீர்கள், எப்போதாவது செய்யுங்கள், அளவாகப் போடுங்கள், கருகவிடாதீர்கள். மேலே மசாலா மாதிரி நினையுங்கள் என்று சொன்னது இதற்கும்தான். ‘நைட்ரைட் சேர்க்காதது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பலவற்றில் செலரிப் பொடி இருக்கும், அதிலிருந்து வருவதும் அதே நைட்ரைட்தான்.

மெஷின் இல்லாம, தோல் இல்லாம வீட்லயே செய்ய முடியுமா? நான் செஞ்சப்ப உதிர்ந்து போச்சு.

முடியும். உதிர்வதற்கு இரண்டே காரணம்: கறி சூடாகிவிட்டது, பிசைந்தது போதவில்லை. ஒரு கிலோ கோழித் தொடைக்கறியைத் தோலோடு துண்டாக்கி, ஃப்ரீசரில் அரை மணி வைத்து ஓரம் விறைத்ததும் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுக் கொத்துங்கள். 18 கிராம் உப்பு, பூண்டு, மிளகு, சோம்பு, அரை டம்ளர் ஐஸ் தண்ணீர் சேர்த்துக் கையால் அழுத்திப் பிசையுங்கள். உப்பு கறியின் புரதத்தைக் கரைத்து வெளியே இழுக்கும், அதுதான் இங்கே பசை. மூன்று நான்கு நிமிடத்தில் கலவை மினுமினுத்து, நூல் நூலாக இழுபட ஆரம்பிக்கும். ஒரு உருண்டையை உள்ளங்கையில் ஒட்டிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் தொங்கினால் பதம் வந்துவிட்டது.

உருட்டுவதற்கு முன் ஒரு சிறு வடை அளவு எடுத்து வாணலியில் சுட்டு ருசி பாருங்கள். உப்பு, காரத்தைத் திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு. பச்சையாக நாக்கில் வைக்காதீர்கள். பிறகு சூடு தாங்கும் சமையல் உறையில் வைத்துச் சுருட்டி, இரு முனையையும் மிட்டாய் தாள் மாதிரி முறுக்கிக் கட்டுங்கள். 80 டிகிரி அளவில், கொதி வராத வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, உள்ளே 74 வந்ததும் எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டு ஆறவிடுங்கள். உறையைப் பிரித்துச் சிவக்க வறுத்தால் கத்தி வைத்ததும் உதிராமல் வட்டமாக வெட்டுப்படும்.

அப்படின்னா அதையே தொங்கவிட்டுக் காயவெச்சு சலாமி மாதிரி பண்ணலாமா?

மேலே சொன்ன கலவையில் செய்யவே கூடாது. அடைத்த கறியின் நடுவில் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். அதற்கு வாடையும் இருக்காது, நிறமும் மாறாது. ஜெர்மனியில் வுர்ட்டம்பர்க் பகுதியில் சாசேஜ் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து இறந்ததை யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1820-லும் 1822-லும் விரிவாக எழுதினார். அந்த நஞ்சால் வரும் பொட்டுலிசம் என்ற நோயின் பெயரே சாசேஜைக் குறிக்கும் பொட்டுலுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

காயவைக்கும் வகையில் நைட்ரைட் சேர்ப்பது முக்கியமாக இந்தக் கிருமியைத் தடுக்கத்தான். அதையும் கண்ணளவில் போட முடியாது. கடையில் விற்கும், நைட்ரைட் கலந்த பதப்படுத்தும் உப்பை ரோஸ் நிறத்தில் சாயமேற்றி விற்பதே, யாரும் சாப்பாட்டு உப்பு என்று நினைத்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. கிராம் கணக்கில் துல்லியமான தராசு, குளிரையும் ஈரத்தையும் ஒரே அளவில் வைத்திருக்கும் அறை, கூட நின்று சொல்லித்தர அனுபவமுள்ள ஒருவர், இந்த மூன்றும் கிடைக்கும்வரை நீங்கள் செய்த சாசேஜை 2 நாளுக்குள் சாப்பிடுங்கள், மிச்சத்தை ஃப்ரீசரில் வையுங்கள்.